கல்யாணக் கறியைக் கொட்டிய காலை

கையுறையை எப்படி மாட்டுவது, சட்டி எந்தச் சூட்டில் வெளியே போக வேண்டும், லாரியில் எதன்மேல் எதை அடுக்குவது, இதையெல்லாம் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த உங்களுக்கு முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றியிருப்பார்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. இந்தக் கேட்டரிங் தொழிலில் ஓய்வுபெறும்வரை எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது சமையல் இல்லை. "என்ன ஆச்சுன்னு தெரியலையே, இப்ப என்ன செய்றது?" என்று கூட்டமாக நின்று எல்லாரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள் பாருங்கள், அந்த நேரம்தான். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது.

அதனால் ஒரே ஒரு காலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு உயிர் போய் உயிர் வந்த காலை அது. இப்போது நினைத்தாலும் வாயில் 'அப்பாடா' என்றுதான் வருகிறது, எனவே பயப்படாமல் படிக்கலாம்.

என் அக்காளின் மூத்த மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஆட்டுக்கறி பிரியாணி. அதில் பேச்சே இல்லை. அதையும் சஹனில் வைப்போம். சஹன் என்பது பெரிய தாம்பாளம். நாலைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். முதல் சஹன் மாப்பிள்ளை வீட்டாருக்கு. அதில் கறி குறைந்தாலே வருஷக்கணக்காகப் பேசுவார்கள். நானோ பெண்ணுக்குத் தாய்மாமன், சாப்பாடு போடும் நிறுவனத்தின் மேலாளரும் நானே. "தம்பி இருக்கான், சாப்பாட்டைப் பத்தி எனக்கென்ன கவலை?" என்று என் மச்சான், அதாவது பெண்ணின் தகப்பனார், சிராங்கூன் ரோட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

மாப்பிள்ளையின் அத்தாவை, அதாவது அவர் தகப்பனாரை, பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செங்காங்கில் இருக்கிறார், தங்கமான மனிதர். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து அப்போதுதான் முடித்திருந்தார். உடம்பில் எதிர்க்கும் சக்தி இன்னும் திரும்பவில்லை, சாப்பாட்டில் ஜாக்கிரதையாக இருக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மகன் கல்யாணத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தேதியை முன்னால் இழுத்திருந்தார்கள். முதல் சஹனில் உட்காரப்போகிறவர் அவர்தான்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. விருந்து மதியம், பாசிர் ரிஸ்ஸில் ஒரு மண்டபம். எங்கள் சமையற்கூடம் உட்லண்ட்ஸில். காலையில் நான் உள்ளே நுழையும்போதே நிஷா வாசலில் நின்றாள். நிஷா எங்கள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"சார், கோல்ட் ரூம் டிரிப் ஆயிருக்கு. காலையில வந்தவங்க சுவிட்சைத் தட்டி ஆன் பண்ணிட்டாங்க. எப்ப போச்சுன்னு யாருக்கும் தெரியல."

"லாகர் என்ன சொல்லுது?"

"அதுவும் அதே லைன்ல இருக்கு சார். பிளாங்க் லா."

புரிகிறதா? குளிரறையின் வெப்பத்தைக் குறித்துவைக்கும் கருவியும் அதே மின்சாரத்தில் ஓடியது. அறை செத்தபோது அதுவும் கூடவே செத்துவிட்டது. உள்ளே முந்தின நாளே தயிரும் மசாலாவும் போட்டு ஊறவைத்த மொத்தக் கல்யாணக் கறியும் இருந்தது. கதவில் உள்ள எண் இப்போது ஒழுங்காகக் குளிரைக் காட்டியது. நிஷா ஒவ்வொரு தொட்டியாக வெப்பமானி ஊசியைக் குத்திப் பார்த்தாள். சிலது எல்லைக்குள் இருந்தது, சிலது கொஞ்சம் தாண்டியிருந்தது. அரைமணி நேரம் நின்று போனதா, ராத்திரி முழுக்க நின்றதா? அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

எங்கள் தலைமைச் சமையல்காரரைப் பண்டாரி என்போம். கை மணத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம். அவர் வந்தார், தொட்டியின் மூடியைத் திறந்தார், குனிந்து முகர்ந்தார், ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"கறி நல்லா இருக்கு, பாய். வாடையே இல்ல. தம்முல போட்டா எல்லாம் செத்துடும். அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லுங்க, நேரமாச்சு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பெரிய கையே சொல்லிவிட்டது, பிறகென்ன என்று மனம் துள்ளியது. ஆனால் அந்தத் துள்ளல்தான் என்னை நிறுத்தவும் செய்தது. கறி நல்லதாக இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை; நல்லதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். இந்த இரண்டும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இனிக்கும், பிள்ளைகளே. நன்றாக ஏமாறுவீர்கள்.

இன்னொன்றும் உறைத்தது. நம் சமையற்கூடங்களில் பண்டாரி வாயைத் திறந்த பிறகு வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது மரியாதை. உப்புக் கூடிவிட்டது என்று தெரிந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே நான் பார்த்தது பல தலைகள் ஆடுவதை. கேட்டதோ ஒரே ஒரு கருத்து. அதனால் "எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று கலைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாகப் பின்வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கறி நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. காலையில் உள்ளே போனபோது என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன்.

இனிப்புப் பகுதியில் இருந்த குமார் மென்று முழுங்கினான். "ஒண்ணுமில்ல பாய். வெண்ணெய்க் கட்டி ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப கெட்டியாத்தான் இருக்கு."

"இதை ஏன்டா அங்க சொல்லல?"

"நேத்து நானே வெளிய வெச்சுட்டு மறந்துட்டேனோ என்னமோன்னு இருந்துச்சு. பண்டாரி அண்ணன் வேற நல்லா இருக்குன்னுட்டாரு."

அவனைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அடுத்த முறை இதையும் சொல்லமாட்டான். அந்த வெண்ணெயாலும் ஒன்றும் உறுதியாகவில்லை. அறை சூடாகி உருகியிருக்கலாம். அவன் மறதியால் உருகியிருக்கலாம். ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வந்த முடிவில் இந்த வெண்ணெய் கணக்கில் வரவில்லை, இப்போது வந்திருக்கிறது. பண்டாரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காக்கா, இஞ்சி பூண்டும் பட்டையும் போட்டு ஊறவெச்ச கறியில மூக்கு எதைக் கண்டுபிடிக்கும்?"

அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"கிருமி சாகும், சரி. அது கறியில விட்டுட்டுப் போற விஷம் வெந்தாலும் போகாம நிக்கலாம்னு நமக்குப் படிச்சுக் குடுத்திருக்காங்களே."

"பாய், நான் எத்தனை கல்யாணம் பார்த்தவன்? இன்னிவரைக்கும் ஒருத்தர் வயித்துக்கு ஒண்ணு ஆனதில்ல."

அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கல்யாணங்களில் எல்லாம் குளிரறை ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நடந்தது அவருக்கும் புதிது, எனக்கும் புதிது. புதிய சங்கடத்துக்குப் பழைய வெற்றியைக் காட்டித் தைரியம் சொல்லிக்கொள்வது நம் தொழிலில் ரொம்ப சகஜம். வீட்டிலும் சகஜம்தான்.

என்னை இந்த வேலைக்கு எடுத்த மேலாளர் அம்மா ஒருவர் இருந்தார். நெருக்கடி வந்தால் குரலை உயர்த்தவே மாட்டார். "இது தப்பாப் போனா திருப்பி எடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் முதல்ல சொல்லு" என்பார். முடியும் என்றால் உடனே ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லுவார், யோசித்துக்கொண்டே நின்றால் கடிந்துகொள்வார். முடியாது என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அன்றைக்கு நானும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். கறியைக் கொட்டினால் அவமானம், அக்காள் அழுவாள், மச்சான் முகம் கொடுக்கமாட்டார். இதெல்லாம் நாள்பட ஆறிவிடும். கறியைப் போட்டு அது கெட்டிருந்தால்? வைத்தியம் முடித்து வந்த அந்த மனிதர் வாயில் போன கவளத்தை யார் திருப்பி எடுப்பது?

அப்படியும் மனம் ஒப்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த மூட்டையைவிட்டு எழுந்திருக்கவே எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இது யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் என்ன செய்வேன்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிஷா "பிளாங்க்" என்று சொன்ன அந்த நொடியே கொட்டச் சொல்லியிருப்பேன். ஆக, ஊரார் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன் என்கிற கறியை என் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க இத்தனை நேரமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்! வெட்கமாகப் போயிற்று.

"கொட்டுங்க" என்றேன். "வெண்ணெயையும் சேர்த்து."

பண்டாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "அப்ப கோழியைக் கொண்டாங்க. நின்னு பேச நேரமில்ல" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். முடிவாகும்வரை சண்டை போடுவார், முடிவான பிறகு முதுகில் குத்தமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய ஆட்டுக்கறிக்கு எங்கே போவது? அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வழக்கமாகக் கோழி கொடுப்பவரைக் கூப்பிட்டேன். கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த லாரியைப் பாதி வழியில் திருப்பி எங்களுக்கு அனுப்பினார். போதாததற்கு குமார் தேக்கா சந்தைக்கு வேனை எடுத்துக்கொண்டு பறந்தான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எலும்பு போட்டு வைக்க இருந்த பருப்புக் குழம்பான தால்ச்சா, கத்தரிக்காய்த் தால்ச்சா ஆனது.

அடுத்தது மச்சானுக்குச் சொல்லவேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சபலம் வந்தது. கெட்ட செய்தியைத் தள்ளிப்போட்டால் அது இன்னும் கெட்டுத்தான் போகும், நம் சரக்கு மாதிரியே. போனை எடுத்தேன்.

"கோழியா?" என்றார். "மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோழியா வைக்கிறது? தம்பி, நான் எங்க போய் முகத்தை வெச்சுக்கிறது?"

"மச்சான், கறி ராத்திரி எவ்வளவு நேரம் குளிரில்லாம கெடந்துச்சுன்னு தெரியல."

"பண்டாரி என்ன சொன்னாரு? நல்லா இருக்குன்னுதானே சொல்லியிருப்பாரு?"

"சொன்னாரு."

"அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? நீ ஒரு பயந்தாங்கொள்ளி. கட்டிக்குடுக்கிற நாள்ல என் தலையில கல்லைப் போட்டுட்டே. சம்பந்திகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு." போன் துண்டானது. அதற்கு முன் குறுக்கே அக்காளின் அழுகுரல் லேசாகக் கேட்டிருந்தது. அது இன்னும் காதில் இருக்கிறது.

மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். சஹன் வந்து மூடியைத் திறந்த பிறகு அவர்களாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். மாப்பிள்ளையின் அத்தாவைத் தேடிப்போய் ஓரமாக அழைத்தேன். தொப்பிக்குக் கீழே முடி இன்னும் சரியாக வளர்ந்திருக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"பாய், மன்னிக்கணும். இன்னிக்குக் கோழி பிரியாணிதான். உங்களுக்கு மரியாதைக் குறைவா நினைச்சுக்காதீங்க. பொறுப்பு என்னோடது, மச்சான் மேல வருத்தப்படாதீங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! நெஜமாவா? தம்பி, இந்த வைத்தியத்துக்கு அப்புறம் ஆட்டுக்கறியை வாயில வெச்சா துருப்பிடிச்ச இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு. சஹன்ல உட்கார்ந்துட்டுச் சாப்பிடாம எந்திரிச்சா உங்க வீட்ல மனசு கஷ்டப்படுவாங்களேன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல. கோழின்னா சாப்பிடுவேன்!"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை. அவர் முதல் சஹனில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிச் சிரித்தபடி சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் தால்ச்சா கேட்டு வாங்கிக்கொண்டார். மச்சான் தூரத்திலிருந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடுத்த நாளும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் மாமாவுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். சம்பந்திக்குக் கோழி பிடித்தது என் புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். அவர் முகம் சுளித்து எழுந்து போயிருந்தாலும், பத்து வருஷம் எங்களைத் திட்டித் தீர்த்திருந்தாலும், கொட்டியது சரியான முடிவுதான். காலையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அதை வைத்துத்தான் அந்த முடிவை எடை போடவேண்டும். நல்லபடியாக முடிந்தது என்பதற்காகத் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம், கெட்டுப்போயிற்று என்பதற்காகத் தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

நிஷா விடவில்லை. நாங்கள் வழக்கமாக ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் எடுத்துத் தனியே வைப்போம், அந்தக் கறியிலும் எடுத்து வைத்திருந்தாள். "லேபுக்கு அனுப்பிடலாமா சார்? கெட்டதா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறே? நல்ல கறின்னு வந்துச்சுன்னா அடுத்த தடவ கொட்ட உனக்கு மனசு வராது. கெட்ட கறின்னு வந்துச்சுன்னா என்னை எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச அவுலியா, மகான்னு ஆக்கிடுவீங்க."

"டேட்டா வேணாமா சார்?"

"வேணும். மெஷினைப் பத்தி வேணும். ஏன் டிரிப் ஆச்சு, லாகருக்கு ஏன் தனி பேட்டரி இல்ல, அதைக் கண்டுபிடி." அவள் கண்டுபிடித்தாள், மாற்றவும் செய்தாள். கறி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை அவள் இன்றுவரை ஏற்கவில்லை. லேபுக்கு அனுப்பியிருக்கவேண்டும் என்பாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கலாம், நீங்கள் அவளிடமே கேட்டுச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு என் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று ஒரு பிரச்சினை வந்தது. நன்றாகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். குடும்பமே கூடி ஆளுக்கொன்று சொன்னது, மூத்த மகன் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டினார்கள். பின்வாசல் ஞாபகம் வந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன், இதே முழங்கால் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தால் என்ன சொல்வேன் என்றும் கேட்டுக்கொண்டேன். செய்துகொண்டேன். இப்போது நன்றாக நடக்கிறேன், அதுவும் எனக்கு முன்கூட்டியே தெரிந்து நடந்ததில்லை.

மச்சான் விஷயத்தைச் சொல்லவில்லையே. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை. எதிரே வந்தால் "என்ன தம்பி" என்பார், அதோடு சரி. அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது. சம்பந்தி பரிசோதனைக்குப் போய்வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த அன்று, மச்சானிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. அந்தக் கறி கெட்டுத்தான் போயிருந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"தெரியாது மச்சான்."

"தெரியாதா? தெரியாமலா என் பொண்ணு கல்யாணக் கறி மொத்தத்தையும் கொட்டினே?"

"தெரியாததாலதான் மச்சான் கொட்டினேன்."

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சின்னவளுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்கோம். சாப்பாடு நீதான்."